நீலக் கார் சூடான வாரம்

முத்து,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், இந்தி, மாடிப்படியிலும் மைதானத்திலும் பெங்காலி என்று வளர்ந்த பிள்ளை நீ. தமிழ் எழுத்து உனக்கு வந்ததெல்லாம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நான் தோசை வார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுத்ததுதான். அதனால் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். நிதானமாகப் படி. போனில் சொல்லிவிடலாமே என்று கேட்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அவரை வைத்துக்கொண்டே பேசுவதை நான் நிறுத்திவிட்டேன். ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு நீ ஒன்று சொன்னாய். நிச்சயதார்த்தத்தில் பெண் வீட்டார் முன்னால் எழுந்து நின்று, எங்கள் பையனுக்கு உங்கள் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறோம் என்று சொல்லும் வார்த்தையை சித்தப்பா சொல்லட்டும், அப்பா பக்கத்தில் நின்றால் போதும் என்றாய். அவ்வளவு பேர் முன்னால் அப்பா திணற வேண்டாம், எல்லாரும் அவரைப் பரிதாபமாகப் பார்க்க வேண்டாம் என்றாய். அன்பில்தான் சொன்னாய். நானும் அதையேதான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பார்க்கலாம்டா என்று சொல்லி வைத்தேன். அதற்கடுத்த வாரம் நடந்ததை நீ பாதிதான் கேட்டாய். கார் நடுரோட்டில் சூடாகி நின்றது, இப்போது சரியாகிவிட்டது, அவ்வளவுதான் உனக்குத் தெரியும். யார் சரி செய்தார்கள் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் காரை நாம் வாங்கியபோது நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்தாய். துறைமுகத்தில் அப்பாவோடு வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன வண்டி. நீல நிறம் என்று பேர், ஒரு கதவு மட்டும் வேறு நீலம். ஞாயிறு காலையில் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் பால்கனியிலிருந்து கத்திக் கூப்பிட வேண்டும். பட்டறையில் கப்பல் பம்புகளைப் பிரித்துப் போட்ட கைக்கு இந்தச் சின்ன எஞ்சின் விளையாட்டுச் சாமான் மாதிரி. வேலை செய்ததைவிட அவர் பேசியதுதான் அதிகம். மேல்மாடி சுக்லா பௌதியின் வீட்டுக்காரர், பேப்பர் போடுகிறவர், காய்கறி வண்டிக்காரர், யார் அந்தப் பக்கம் போனாலும் நிறுத்தி வைத்துப் பேசுவார். நெல்லைத் தமிழில் நினைத்து, இந்தியில் ஆரம்பித்து, பெங்காலியில் முடிப்பார். அவருடைய பெங்காலியைக் கேட்டு நீ வெட்கப்பட்டு, "அப்பா, ப்ளீஸ்" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

தீகா போன வழியில் கோலாகாட் தாண்டி வண்டி கொதித்து நின்றது உனக்கு நினைவிருக்குமா? நல்ல வெயில். சாலையோரம் ஒரு மரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, எஞ்சின் ஆறும் வரைக்கும் சும்மா இருப்போமா என்று கப்பல் கதை சொல்ல ஆரம்பித்தார். நடுக்கடலில் எஞ்சின் சூடாகிவிட்டால் கப்பலில் இருக்கிறவர்கள் எங்கே இறங்கி நிற்பார்கள் என்று உன்னைக் கேட்டார். நீ யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, தண்ணீரில்தான் என்றாய். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி ஆறிய பிறகும் கதை முடியவில்லை. நான்தான், கடல் பார்க்கப் போகிறோமா இல்லையா என்று கேட்டுக் கிளப்பினேன். அப்படிப் பேசின மனிதர்.

போன வருஷம் துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தபோது நீ ஓடி வந்தாய். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாய். அந்த நாட்களில் நீ பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் ஒரு தகப்பனைப் பார்த்துக்கொள்ள முடியாது. வலது கையும் காலும் பலம் இழந்தன. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, கைத்தடியோடு நடக்கிறார். கை வரவில்லை. வார்த்தைகள் போனதுதான் பெரிய அடி. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, பேப்பர் படிக்கிறார், கிரிக்கெட் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார். சொல்ல வாயெடுத்தால் மட்டும் சொல் வருவதில்லை. எது வராவிட்டாலும் 'நாளைக்கு' என்ற சொல் வந்துவிடுகிறது. அது ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, சிலருக்கு இப்படி ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும் என்றார். காபி வேண்டுமா என்றால் நாளைக்கு. கதவைச் சாத்தவா என்றால் நாளைக்கு. முதலில் நாம் மூவரும் அதற்குச் சிரித்தோம், அவரும் சிரித்தார். பிறகு அது வெறும் சத்தமாகிவிட்டது. அவர் நாளைக்கு என்றதும் நான் என் கணிப்பில் ஒரு பட்டியல் போட ஆரம்பிப்பேன்: தண்ணியா, மாத்திரையா, டிவியா, பாத்ரூமா. சரியாகச் சொல்லிவிட்டால் தலையை ஆட்டுவார். தப்பாகச் சொன்னாலும் சில சமயம் தலையை ஆட்டிவிடுவார், போகட்டும் என்று. நீயும் போனில் அதையேதான் செய்தாய். "அப்பா, சாப்டாச்சான்னு கேக்கறீங்களா? ஆச்சுப்பா." அவர் வேறு எதையோ கேட்க வந்திருப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் போனுக்குள் முகம் காட்டுவதையே குறைத்துக்கொண்டதை நீயும் கவனித்திருப்பாய்.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு பேசின அந்த ஞாயிறுக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நம் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், தண்ணீர் டேங்க் பக்கத்தில் வரும்போது அப்பா இடது கையால் என் முழங்கையைத் தட்டினார். டாஷ்போர்டைக் காட்டினார். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஓரமாக நிறுத்தினேன். பானட்டைத் திறந்தேன். ஆவி எதுவும் இல்லை, ஆனால் அனல் முகத்தில் அடித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் போயிருக்கும், ஊற்றினால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்பா துணியைப் போட்டு அந்த மூடியைத் திறந்து நான் பார்த்திருக்கிறேன். துடைக்கும் துணியை எடுத்து மூடியின்மேல் வைத்தேன். அதற்குள் அவர் கதவைத் திறந்து, தடியை ஊன்றி, வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்துவிட்டார். "நாளைக்கு, நாளைக்கு" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருங்க, தண்ணிதான் ஊத்தணும், தெரியும்" என்று சொல்லிவிட்டு மூடியை அழுத்தினேன்.

தடி கீழே விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் மணிக்கட்டை அவருடைய இடது கை பிடித்து வெளியே இழுத்தது. அவ்வளவு பலம் அந்தக் கையில் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தடி இல்லாமல், காரின்மேல் சாய்ந்துகொண்டு, என் கையை விடாமல், உதடு கோணிக்கொள்ள அவர் ஒரு சொல்லுக்காகப் போராடினார். நான் முந்திக்கொண்டு அந்தச் சொல்லை முடித்து வைக்கவில்லை. பயத்தில் எனக்கு எதுவும் தோன்றவில்லை, அதுதான் உண்மை.

"சூடு" என்றார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, மூடியைக் காட்டி, "நாளைக்கு."

அந்த ஒரு தடவை அவர் நாளைக்கு என்று சொன்னது நாளைக்கு என்றுதான். கொதிக்கிற எஞ்சினின் மூடியைத் திறந்திருந்தால் உள்ளே அடைபட்டிருந்த கொதிநீர் என் முகத்தில்தான் பீய்ச்சியடித்திருக்கும். ஆறட்டும், நாளைக்குத் திறக்கலாம் என்று மனிதர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் அது காதில் விழவில்லை.

ரிக்‌ஷா ஸ்டாண்டில் இருந்தவர்கள் வந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நம் கட்டிடத்துக்குக் கீழே விட்டார்கள். நான் மேலே போகலாம் என்றேன். அவர் அசையவில்லை. பானட்டைத் திறந்தே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயை இடது கையால் தொட்டுப் பார்த்தார். என் கையை எடுத்து முதலில் எஞ்சின் பக்கம் காட்டினார், தொடாமலே சூடு தெரிந்தது. பிறகு அந்தக் குழாயின்மேல் வைத்தார். வெதுவெதுப்புக்கூட இல்லை. "இல்லை" என்றார். எஞ்சின் கொதிக்கிறது, ஆனால் கொதிநீர் ஆறுவதற்கு ரேடியேட்டருக்கு வரவில்லை, நடுவில் எங்கோ அடைபட்டிருக்கிறது என்பது அதற்குப் பிறகு எனக்கே புரிந்தது. தெர்மோஸ்டாட்டா என்று கேட்டேன். இத்தனை வருஷம் பால்கனியில் நின்று கேட்ட பேச்சில் அந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் முகம் மலர்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மெக்கானிக் ஒருவரை வரவழைத்தேன். அவரும் அதையேதான் சொன்னார். ஆனால் புதிதாக மாட்ட வேண்டாம், அதைக் கழற்றி எறிந்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், கல்கத்தா வெயிலில் அது எதற்கு என்றார். பாதி வண்டிகள் அப்படித்தான் ஓடுகின்றன என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. நீயும் அன்றைக்குப் போனில், காரையே கொடுத்துவிடும்மா, ஆப்பில் வண்டி கூப்பிட்டால் வந்துவிட்டுப் போகிறது என்றாய் இல்லையா? ஆனால் அப்பா தடியால் தரையைத் தட்டினார். முகம் சிவந்து, தலையை இடமும் வலமும் ஆட்டினார். எஞ்சினுக்கு அதற்குரிய சூடு வேண்டும், அது இல்லாமல் ஓடினால் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும் என்று அவர் எத்தனை பேரிடம் அந்த இடத்தில் நின்று வாதாடியிருப்பார்! அந்த வாதம் முழுவதும் இப்போது அவர் தொண்டையில் நின்றது. மெக்கானிக் என்னைப் பார்த்து, தாதாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, உடம்பு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அந்த மனிதர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அப்பா தலையாட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் போய்விட்டது. போகட்டும் என்று அவர் தலையாட்டும் அந்தப் பார்வை வர ஆரம்பித்தது. அது வருவதற்கு முன்னால் நான் மெக்கானிக்கிடம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அப்பாவிடம், "நாமளே செய்வோமா?" என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். பிறகு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கருவிப் பெட்டியைப் பார்த்தார்.

அன்று காலை நாங்கள் பட்ட பாட்டைச் சுக்லா பௌதி மேலிருந்து முழுவதும் பார்த்தாள். "பௌதி, மிஸ்திரி டாகுன் நா" என்று, அண்ணி, மெக்கானிக்கைக் கூப்பிடக் கூடாதா என்று, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அவர் அதில் உட்காரவே இல்லை. ரேடியேட்டருக்கு அடியில் நம் பழைய துணி ஊறப்போடும் தொட்டியை வைத்து, கீழேயிருக்கும் திருகைத் தளர்த்தி, பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரை இறக்கினோம். தெருநாய் ஒன்று மோந்து பார்க்க வந்தது. அப்பா தடியை நீட்டி விரட்டிவிட்டு, தொட்டியின்மேல் பலகையை வைக்கச் சொன்னார். அந்தத் தண்ணீர் இனிப்பாக இருக்குமாம், குடித்தால் நாய் செத்துவிடும். இதையும் அவர் முன்னொரு நாள் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

மேல் குழாயைக் கழற்றும் இடத்தில்தான் சண்டை வந்தது. கவ்விப் பிடித்திருந்த வளையம் தளர்ந்தும் குழாய் வரவில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "இழுக்கவா? ஸ்குரூ டிரைவர விட்டு நெம்பவா? எண்ணெய் போடவா? சுத்தியலா?" என்று நான் அடுக்கினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மறுபடி கேட்டேன், இன்னும் சத்தமாக, காது கேட்காதவரிடம் கேட்பது மாதிரி. அவர் இடது கையை, டிராபிக் போலீஸ்காரர் நிறுத்தச் சொல்வது மாதிரி, என் முகத்துக்கு நேரே தூக்கினார்.

நிறுத்தினேன். எனக்குப் பேச்சை நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய உதடு முயல்கிறது, தவறான சத்தம் வருகிறது, தலையை உதறுகிறார், திரும்ப ஆரம்பிக்கிறார். பார்க்கிறவருக்கு அது தண்ணீரில் தத்தளிக்கிற ஒருவரைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பது போலத் தெரிகிறது, அதனால்தான் நாம் குதித்துவிடுகிறோம். ஆனால் அவர் மூழ்கவில்லை முத்து, தேடிக்கொண்டிருந்தார். காக்கை கத்தியது, ஐஸ்கிரீம் வண்டி ஒன்று மணியடித்துப் போனது, பிறகு வந்தது.

"திருகி" என்றார். "இழு."

குழாயை இடமும் வலமும் திருகி இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. நான் அடுக்கின எதிலும் அது இல்லை.

அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த சின்னப் பித்தளைச் சாமானை எடுத்தோம். நம் டீ வடிகட்டிக்குள் அடங்கிவிடும் அளவுதான் அது. நம்மை நடுத்தெருவில் நிறுத்தியது இதுதானா என்று இருந்தது. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, வாடகை வண்டியில், கார் உதிரிச் சாமான் விற்கும் மல்லிக் பஜார் போனோம். எந்தக் கடைக்கு வழக்கமாகப் போவார் என்று எனக்குத் தெரியாது. அவர் தடியால் வழி காட்டினார். கடைக்காரர் புதிதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அப்பா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விளிம்பில் பொறித்திருந்த சூட்டின் அளவைப் பார்த்துத் தலையசைத்தார். ஆனால் நகரவில்லை. இன்னும் ஏதோ வேண்டும். கடைக்காரர் என்னைப் பார்த்து, தாதா என்ன கேட்கிறார் பௌதி என்றார். எனக்குத் தெரியாது, அவரே சொல்வார் என்றேன். கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு வேறொருவருக்கு பல்பு எடுத்துக் கொடுக்கப் போனார், திரும்பி வந்து முழங்கையை மேசையில் ஊன்றி நின்றார். "ரப்பர்" என்றார் அப்பா. கண்ணை மூடித் திறந்து, "ரிங்." அந்த மூடிக்கு அடியில் போடுகிற ரப்பர் வளையம். பழையதை மறுபடி போட்டால் ஒழுகும். கடைக்காரர், ஓ ஹேங், ஆமாம், அது வேண்டாமா பின்னே என்று எடுத்துக் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வளையத்தை அவர் சட்டைப் பையில் வைக்காமல் விரலில் மாட்டிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்பங்கரைக்குப் போனார். பால் பாத்திரத்தை எடுத்தார். அதை நான் பிடுங்கிக்கொண்டு, கைப்பிடி உடைந்த அலுமினியப் பாத்திரத்தைக் கொடுத்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து, பழையதையும் புதியதையும் நூலில் கட்டி உள்ளே விட்டோம். தண்ணீர் தளதளக்கும் முன்பே புதியதன் நடுத்தட்டு மெல்ல விலகி வழி விட்டது. பழையது கொதித்து ஆவி வந்த பிறகும் இறுகியே கிடந்தது. அடுப்பு முன்னால் நாங்கள் இருவரும் தோளோடு தோள் உரச நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி, துறைமுகக் குவார்ட்டர்ஸில் முதல் முதலில் பால் காய்ச்சியபோது அப்படி நின்றோம். அன்றைக்கு எனக்கு இந்த ஊர் பாஷையில் ஒரு வார்த்தை பேசத் தெரியாது. அவர்தான் எனக்கும் சேர்த்துப் பேசினார். மீன்காரரிடம், வாட்ச்மேனிடம், பக்கத்து வீட்டு மாஷிமாவிடம் எல்லாம் நான் வாயெடுப்பதற்குள் அவர் பேசிவிடுவார். ஒரு நாள் நான் கோபித்துக்கொண்டேன், நீங்கள் பேசிக்கொண்டே இருந்தால் நான் எப்போது பேசக் கற்றுக்கொள்வது என்று. மறுநாள் கடையில் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார், நான் திக்கித் திணறி அரைக் கிலோ பருப்பு கேட்கும் வரைக்கும்.

நீ பேச ஆரம்பிக்க நாளான கதையை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வீட்டில் ஒரு மொழி, வெளியில் இரண்டு மொழி, குழந்தை குழம்பிவிட்டது, ஒரே மொழியில் பேசுங்கள் என்று எல்லாரும் எங்களைப் பயமுறுத்தினார்கள். நான் உன் வாயைப் பார்த்துப் பார்த்து அழுவேன். அவர் மட்டும், "வரும்டி, அவன் சரக்கு இறக்கிட்டிருக்கான்" என்பார். நீ கடைசியில் பேசின முதல் சொல் என்ன என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. நான் அம்மா என்கிறேன், அவர் காடி என்கிறார், வண்டிக்கு இங்கே சொல்வது அதுதானே.

மறுநாள் காலையில் புதியதை மாட்டினோம். நான் தலைகீழாக வைத்துவிட்டேன். அவர் "திருப்பு" என்றார். சுருள் இருக்கிற பக்கம் எஞ்சினுக்குள் போக வேண்டுமாம். போல்ட்டை முடுக்கும்போது ஒன்றை ஒரேயடியாக இறுக்கப் போனேன். அப்போதுதான், இந்த இத்தனை மாதங்களில் முதல் முறையாக, அவரிடமிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது: "மெதுவா. ரெண்டையும் மாத்தி மாத்தி முடுக்கு." சொல்லி முடித்துவிட்டு, யாரோ வேறு ஆள் சொன்னது மாதிரி அவரே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனரோடு குனிந்துகொண்டேன். என் முகத்தை அப்போது அவர் பார்க்க வேண்டாம் என்று இருந்தது.

புதுக் கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தே எஞ்சினை ஓடவிட்டோம். உள்ளே இருந்த காற்று குமிழ் குமிழாக வந்தது, குறையக் குறைய ஊற்றினோம். மூடினோம். அவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார், அந்த இடத்தில் உட்கார்ந்தே எவ்வளவு நாளாயிற்று! முள் ஏறியது, நடுவுக்கு வந்தது, அங்கேயே நின்றது. இறங்கி வந்து என் கையை எடுத்துக் குழாயின்மேல் வைத்தார். சுட்டது. இருவரும் சிரித்தோம். மேலிருந்து சுக்லா பௌதி கை தட்டினாள்.

சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அன்று சாயங்காலம் லேக் மார்க்கெட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்கினோம், காபி குடித்தோம். திரும்பும்போது பைபாஸில் நெரிசல். நின்று நின்று நகர்ந்தும் முள் நடுவை விட்டு அசையவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு சிக்னலில் நின்றபோது, முள்ளைப் பார்த்தபடியே, "பொண்ணு" என்றார். எந்தப் பொண்ணு என்று வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். சிக்னல் விழுந்தது, வண்டி நகர்ந்தது, அடுத்ததிலும் நின்றோம். அங்கேதான் மிச்சம் வந்தது.

"நான் கேக்கேன்."

நீ சொன்னதை அவர் கேட்டிருந்தார் முத்து. ஸ்பீக்கரில் போட்டிருந்தேனே. கேட்டுவிட்டு அத்தனை நாளும் அதை மனதில் வைத்துக்கொண்டு, என்னோடு குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்திருக்கிறார். நான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "சரிங்க, நீங்களே கேளுங்க" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் காபிக்குப் பிறகு பழகுகிறார். எங்க பையன் முத்துக்குமாருக்கு உங்க பொண்ணு தாரிணியக் கேட்டு வந்திருக்கோம். அவ்வளவுதான் வார்த்தை. உன் பெயர் வந்துவிட்டது. தாரிணி பெயரில்தான் நிற்கிறது. நேற்று உங்க பொண்ணு நாளைக்கு என்று வந்து, அவரே வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு மண்டபத்திலும் அப்படி வரலாம். பாதியில் நின்றுவிடவும் செய்யலாம். எல்லாரும் பார்ப்பார்கள், யாராவது தொண்டையைச் செருமுவார்கள், உன் சித்தப்பாவுக்கு வாய் துறுதுறுக்கும். சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். முதலில் தயங்கினார், பிறகு, அண்ணன் பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாச்சு மதினி என்றார். தாரிணியின் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், எங்கள் பக்கம் கொஞ்சம் நேரமாகும், அவசரப்படுத்த வேண்டாம் என்று. அவர் ரயில்வேயில் இருந்தவர், வண்டி லேட்டாக வந்தால் காத்திருந்து பழக்கம்தான் என்றார். இனி நீ ஒருவன்தான் பாக்கி. அவர் நிற்கும்போது நீ தரையைப் பார்க்காதே. எடுத்துக் கொடுக்காதே. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நில். நாளைக்கு உனக்கும் தாரிணிக்கும் நடுவிலும் இப்படி எத்தனையோ வரும், அவள் சொல்ல வருவதை உனக்குத் தெரியும் என்று நினைத்து நீ முடித்து வைப்பாய். அப்போதும் இதையேதான் சொல்வேன்.

இந்த ஞாயிறு நீ கூப்பிடும்போது போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவேன். உன்னிடம் சொல்ல அவரிடம் ஒரு விஷயம் இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றியதல்ல, காரைப் பற்றியதுமல்ல. அது என்னவென்று எனக்குத் தெரியும். எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கிறது, எழுதமாட்டேன். நேரமாகும். வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே.

அம்மா